பத்தாவது எழுத்தில் நிறுத்திப் பார், மகனே

மகனே, இதை யாருக்கும் காட்டாதே. கும்பிட்டுக் கேட்கிறேன். உன் பெரியம்மாவுக்குக் காட்டாதே, அவள் சிரிப்பாள். என் அம்மாவுக்கு, அதாவது உன் அம்மம்மாவுக்கு, காட்டவே காட்டாதே. இன்றைக்கு நடந்ததற்கெல்லாம் நான்தான் காரணம் என்று அவர் இந்த நிமிடம் அறைக்கு வெளியே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறார். நீ வளர்ந்த பிறகு இதே விஷயத்துக்காக அவரை இன்னொரு முறை அழவைக்க எனக்கு விருப்பமில்லை. வாசித்து முடித்ததும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள். பிறகு கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை. ஆனால் முதலில் கடைசிவரை வாசி.

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யார், எந்த ஊர், உயரமா கட்டையா, எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குப் பதினாறு வயது. இந்த வருடம் ஓ.எல். சோதனை, பாடசாலையின் பெரிய பரீட்சை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருந்து எழுதுகிறேன். அறைக் கதவைப் பூட்டியிருக்கிறேன். மேசை விளக்கின் மேல் பாடசாலைக் கழுத்துப்பட்டியைப் போட்டு வெளிச்சத்தைக் குறைத்திருக்கிறேன். அதனால் எழுத்து கோணலாக இருக்கும். இருந்தாலும் உனக்குத்தான் எழுத வேண்டும் என்று பட்டது. ஏனென்றால் ஒருநாள் நீயும் மாப்பிள்ளையாக நிற்பாய். உனக்கும் யாராவது ஒரு காரைக் காட்டி, இது உங்களுக்குத்தான் என்பார்கள். அந்த நாளில் நான் சம்பந்தி, மரியாதை, ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் யோசிக்கிற ஓர் அம்மாவாக மாறியிருக்கலாம். இன்றைக்கு நான் அப்படி இல்லை. இன்றைக்கு எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன்.

என் அப்பா கோட்டையில் ஒரு கிளியரிங் கந்தோரில் வேலை செய்கிறார். துறைமுகத்தில் இறங்கும் வாகனங்களை வெளியே எடுப்பதற்கான தாள்களைத் தயார்செய்கிற வேலை. வாகனத்தின் உடம்பில் அடித்திருக்கும் அடையாள எண்ணுக்குச் சேசி நம்பர் என்று பெயர். கப்பலில் வந்த தாளில் இருக்கும் சேசி நம்பரும், இங்கே அடிக்கும் தாளில் இருக்கும் சேசி நம்பரும் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். பிசகினால் அந்த வாகனம் ஹாபரிலேயே வெயில் காயும். கந்தோரில் முடியாததை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் வாசிக்கத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அது எங்கள் இரண்டு பேரின் வேலை. ஒரு தாளை நான் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பேன். அப்பா மற்றத் தாளில் பென்சில் முனையை நகர்த்திக்கொண்டே ம், ம் என்பார். பிசகு வந்தால் "நிப்பாட்டு" என்பார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அப்பா நிப்பாட்டு என்றால் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்ப்பார், அக்கா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பாள். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் நின்று பழகிய மனிதர் அவர். பதிவுப் புத்தகத்தில் ஒரு நம்பரும் வாகனத்தில் இன்னொரு நம்பரும் இருந்தால் ஒரு தமிழனுக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அப்பாவுக்கு நம்பர் ஒத்துப்போனால் போதும். அது என்ன சொல்கிறது என்று அவர் கேட்டதே இல்லை. நான்தான் கேட்டேன். சின்ன வயதில் ஒருநாள், "அப்பா, ஏன் இதுகளுக்குள்ள ஐ எண்ட இங்கிலீஷ் எழுத்தே வாறதில்லை? ஓவும் இல்லை, கியூவும் இல்லை" என்றேன். "அதெல்லாம் கேட்காத, வாசி" என்றார். நான் வாசித்துக்கொண்டே கவனித்தேன். ஐ ஒன்றைப் போல இருக்கும், ஓவும் கியூவும் பூச்சியத்தைப் போல இருக்கும், குழம்பக் கூடாதென்று விட்டிருக்கிறார்கள் என்று நானாகவே கண்டுபிடித்த நாளில் எனக்கு இரவு நித்திரை வரவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த தாள்கள் எஸ் என்று தொடங்கின, ஜேர்மனியிலிருந்து வந்தவை டபிள்யூ, கொரியா கே, சீனா எல். ஜே என்றால் ஜப்பான். எம் மட்டும் என்னை அலைக்கழித்தது. இந்தியாவும் எம், தாய்லாந்தும் எம். இரண்டாவது எழுத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் நாடு பிரியும் என்று விளங்கப் பல மாதம் எடுத்தது. மிச்சச் சந்தேகங்களைக் காலி வீதியில் உள்ள நெட் கடையில் தேடிப் பார்த்தேன். நான் நினைத்ததில் அநேகம் சரியாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்பார்கள் என்று பயம்.

உனக்குச் சொல்கிறேன், கேள். அந்த நம்பர் பதினேழு எழுத்து. முதல் மூன்றும் எந்த நாடு, எந்தக் கொம்பனி என்று சொல்லும். அடுத்த ஐந்தும் என்ன மாதிரி உடம்பு, என்ன எஞ்சின் என்று அந்தக் கொம்பனி தன் பாஷையில் சொல்வது. கொம்பனிக்குக் கொம்பனி மாறும், அதைப் பாடமாக்காதே. ஒன்பதாவது சில நாடுகளில் காவல்காரன்: மற்ற எழுத்துகளையெல்லாம் எண்ணாக்கிப் பெருக்கிக் கூட்டிப் பதினொன்றால் பிரித்தால் வருகிற மீதி அதில் இருக்கும், யாராவது ஒரு எழுத்தை மாற்றினால் கணக்குப் பிழைத்துக் காட்டிக்கொடுக்கும். எல்லா நாடும் அந்தக் காவல்காரனை வைப்பதில்லை. பத்தாவதுதான் நீ நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம். அது அநேகமான கார்களில் மாடல் வருடம். இரண்டாயிரத்து ஒன்று என்றால் ஒன்று, இரண்டாயிரத்து ஐந்து என்றால் ஐந்து, ஒன்பதுவரை அப்படியே போய், இரண்டாயிரத்துப் பத்தில் ஏ என்று எழுத்துக்கு மாறும். வருடம் ஒன்று முன்னே பின்னே இருக்கலாம், மூன்று முன்னே பின்னே இருக்காது. பதினோராவது எந்தத் தொழிற்சாலை என்பது. கடைசி ஆறும் அந்தக் காருக்கே உரிய வரிசை எண். பிள்ளைக்குப் பெயர் வைத்த மாதிரி. இன்னொன்று: ஜப்பானுக்குள்ளேயே ஓடிவிட்டு இங்கே வரும் பாவித்த கார்களில் இந்தப் பதினேழும் இருக்காது. ஒரு மாடல் குறி, ஒரு சின்னக் கோடு, பிறகு ஒரு எண், அவ்வளவுதான். அதைப் பார்த்துக் கள்ளக் கார் என்று கத்திவிடாதே.

இனி அக்காவின் கலியாணத்துக்கு வருகிறேன். சுபா அக்கா உனக்குப் பெரியம்மா. அவளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் பெயர் கஜன். நல்ல மனிதர். கதைக்கும்போது ஆளின் முகத்தைப் பார்த்துக் கதைப்பார். அவருடைய அப்பா அவர் சின்னவராக இருக்கும்போதே இறந்துவிட்டார். வளர்த்தது, படிப்பித்தது எல்லாம் கொட்டாஞ்சேனையில் இருக்கும் அவருடைய சித்தப்பா. பாலா சித்தப்பா என்று எல்லோரும் சொல்வார்கள். பழைய வாகனங்களை வாங்கி விற்கிற யாட் ஒன்று வைத்திருக்கிறார். சீதனத்தில் ஒரு காரும் வைப்பது என்று பேச்சு வந்தபோது, "கார் கஜனுக்குத்தானே, வெளியில ஏன் அலையிறியள் அண்ணை? நானே நல்லதொண்டு பார்த்துத் தாறன்" என்று பாலா சித்தப்பா சொல்லிவிட்டார். அப்பா தன் சேமலாப நிதியை, சம்பளத்தில் பிடித்து வைத்த கிழவயதுக் காசை, எடுக்க எழுதிப் போட்டார். அவரிடம் அதற்கு மேல் எதுவும் கிடையாது. அது வந்து பாங்கில் கிடக்கிறது. திங்கட்கிழமை அதை எடுத்துக் கொடுத்து, காரைப் பெயர் மாற்றி எழுதுவதாக ஏற்பாடு.

கார் வந்த நாளில் அப்பா செய்ததை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். வெள்ளைக் கார், கொரியாக் கார், கண்ணாடியைப் போல மினுங்கியது. பாலா சித்தப்பா முன்மூடியில் கையை வைத்து, "திறந்து பாருங்கோ அண்ணை, வடிவாப் பாருங்கோ" என்றார். அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "சம்பந்தி கொண்டு வந்த சாமானை நான் திறந்து பார்க்கிறதோ? என்ன கதை இது?" என்றார். ஊர் பேர் தெரியாதவனின் வாகனத்தை ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்க்கிற என் அப்பா, தன் மகள் ஏறப்போகிற காரைச் சுற்றி ஒருதரம்கூட நடக்கவில்லை. அதுதான் மரியாதை என்று நினைத்தார். பாலா சித்தப்பாவுக்கும் அது பிடித்திருந்தது. அந்த நம்பரை நான் மட்டும், பிறகு கீழே போய், முன் கண்ணாடி மூலையில் எட்டிப் பார்த்து வாசித்தேன். கே என்று தொடங்கியது, பத்தாவது எட்டு. சித்தப்பா சொன்ன வருடம் அதுதான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இன்றைக்கு நல்ல நாள் என்று பூசை முதலில், பெயர் மாற்றி எழுதுவது பிறகு என்று முடிவாகியிருந்தது. பின்னேரம் கோயிலடியில் ஐயர் சந்தனம் பூசி, மாலை போட்டு, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்கச் செய்தார். ஒரு தேசிக்காயை முன் கண்ணாடிக்கு உள்ளே வைத்தார். திரும்பி வரும்போது கஜன் அண்ணா ஓட்டினார், பாலா சித்தப்பா முன்னுக்கு, அப்பாவும் அக்காவும் நானும் பின்னுக்கு. அம்மா பலகாரம் சுட வீட்டிலேயே நின்றுவிட்டார். கடலோரமாகப் போகும் மரின் டிரைவில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. கஜன் அண்ணா பிரேக் பிடித்தார். தேசிக்காய் உருண்டு விழுந்து முன் சீட்டுக்குக் கீழே போனது.

"ஐயோ, பூசைத் தேசிக்காய், எடு பிள்ளை" என்றார் அப்பா. நான் குனிந்து கையை விட்டேன். தேசிக்காய் அகப்படவில்லை. கம்பளத்தில் வெட்டிய ஒரு சின்ன மடல் அகப்பட்டது. அதற்குக் கீழே இரும்பு, இரும்பில் குழி குழியாக எழுத்துகள். சில கார்களில் அந்த இடத்தில் நம்பரை அடித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மகனே, கண்ணால் பார்க்க முன்னமே விரலுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை ஆயிரம் எழுத்து வாசித்திருப்பேன். ஃபோன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். கே. சரி. இரண்டாவது சரி. எல்லாம் சரி, ஒன்பதாவது வரைக்கும். பத்தாவது இடத்தில் ஐந்து இருந்தது. பதினோராவதும் வேறு. கடைசி ஆறும் வேறு. முன்னுக்கு ஒரு கார், பின்னுக்கு இன்னொரு கார். இரண்டு காரை வெட்டி, நடுவில் ஒட்டி, மேலே வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் அதற்குள் இருந்து சிரித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம்.

நான் தேசிக்காயைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வீடுவரை வாயைத் திறக்கவில்லை. வாசித்ததை மறந்துவிடக் கூடாதென்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் வந்தார். பின்னாலேயே போனேன்.

"அப்பா, முன் சீட்டுக்குக் கீழ வேற நம்பர் அடிச்சிருக்கு. கண்ணாடியில இருக்கிறது எட்டு. கீழ அஞ்சு."

அப்பாவின் கை நின்றுவிட்டது. வேறு யாருக்கும் இது விளங்க நேரம் எடுத்திருக்கும். அவருக்கு எடுக்கவில்லை.

"நீ வடிவாப் பார்த்தியா?"

"ஓம். லைட் அடிச்சுப் பார்த்தனான்."

"கதைக்காத" என்றார் மெதுவாக. "இது சம்பந்தி வீட்டுச் சாமான். ஹாபருக்கு வந்த சாமான் இல்லை."

அம்மா வடையை எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டே, "பூசை போட்டாச்சு. இப்பப் போய் நம்பர் கிம்பர் எண்டு குழப்பாத. சோதனைக்குப் படிக்க உனக்கு ஒண்டும் இல்லையோ?" என்றார்.

அக்கா தேத்தண்ணித் தட்டை எடுக்க வந்தாள். "என்ன இது, மூண்டு பேரும் குசுகுசு?"

சொன்னேன். அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். "ரெண்டும் எந்த இடத்தில ஒட்டியிருக்கு?"

"கண்ணாடிக்கும் சீட்டுக்கும் நடுவில எண்டா, முன் சீட்டில இருக்கிற ஆள் கால் வைக்கிற இடத்தில."

"அப்ப என்ர காலுக்குக் கீழ."

"ஓம்."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தண்ணிப் பைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "போ" என்றாள் அக்கா என்னிடம். "போய்ச் சொல்லு."

"நீயே சொல்லன்."

"நான் கலியாணப் பொம்பிளை. நான் சொன்னா வாயாடி எண்டு இண்டைக்கே முடிச்சுப்போடுவினம். நீ சின்னன். ஏசிப்போட்டு விட்டிடுவினம்."

மகனே, குசினியிலிருந்து எங்கள் ஹோலுக்கு நாலைந்து எட்டுத்தான் வரும். என் வாழ்க்கையில் நான் நடந்த நீளமான தூரம் அதுதான். ஹோலில் பாலா சித்தப்பா கதிரையில் சாய்ந்து, "பொம்பிளை கலியாணத்தண்டு மகாராணி மாதிரி வந்து இறங்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காரின் பதிவுப் புத்தகம் மஞ்சள் பூசி மேசையில் இருந்தது. அப்பா எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். கார் இரண்டு துண்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் செய்தேன்.

"அப்பா, புத்தகத்தை எடுங்கோ. நான் வாசிக்கிறன்."

"என்ன பிள்ளை, தேவாரமோ?" என்றார் பாலா சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா புத்தகத்தை எடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கை பழகிய கை. அது புத்தகத்தைத் திறந்தது, சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தது, விரல் நம்பரின் முதல் எழுத்தில் போய் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டு, இரும்பில் இருந்ததை வாசித்தேன். கே என்றேன். ம் என்றார் அப்பா. ஒவ்வொரு எழுத்துக்கும் ம், ம் என்று வந்தது. பாலா சித்தப்பா, "இது என்ன புது விளையாட்டு?" என்று கஜன் அண்ணாவிடம் கேட்பது கேட்டது. ஒன்பதாவதும் ம். பத்தாவது வந்தது.

"அஞ்சு."

"நிப்பாட்டு" என்றார் அப்பா.

சத்தமாகச் சொன்னார். சம்பந்தி வீட்டார் முன்னால், தனக்கே தெரியாமல், எத்தனையோ வருடப் பழக்கத்தில் சொன்னார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னேன் என்று அவருக்கே விளங்கியது. குசினி வாசலில் அம்மா எட்டிப் பார்த்தார். கடற்கரை ரயில் ஒன்று போனது. அது போய் முடிந்ததும் பாலா சித்தப்பா கதிரையில் நிமிர்ந்தார்.

"என்ன நிப்பாட்டு?" என்றார் பாலா சித்தப்பா.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அவர் இனி ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நான் பயந்தேன். அவர் சமாளிக்கவில்லை. "புத்தகத்தில எட்டு" என்றார். "பிள்ளை வாசிச்சது அஞ்சு."

"பிள்ளை எதைப் பார்த்து வாசிச்சது?"

"உங்கட காரின்ர தரையைப் பார்த்து" என்றேன் நான்.

பாலா சித்தப்பா பெரிதாகச் சிரித்தார். "இன்ஸ்பெக்டர் அம்மா வந்திட்டா. சின்னப் பிள்ளையள் நம்பர் வாசிச்சுத்தான் கார் வாங்கிறதெண்டா, கொட்டாஞ்சேனையில என்ர யாட்டைப் பூட்டிப்போட்டு நான் கோல்ஃபேஸ் கடற்கரையில கடலை விக்கலாம்."

கஜன் அண்ணா சிரிக்கவில்லை. "தங்கச்சி, அஞ்சு எண்டா என்ன?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார், மகனே, கேலிக்கு அல்ல. நான் சொன்னேன். பத்தாவது வருடம், பதினோராவது தொழிற்சாலை, கடைசி ஆறும் காரின் பெயர். ஒரு காருக்கு இரண்டு வருடமும் இரண்டு பெயரும் இருக்க ஏலாது. அவர் எழுந்து, "எங்க, காட்டு" என்றார்.

கீழே காவல்கார ஐயாவிடம் டோர்ச் வாங்கினோம். "மொனவத நங்கி பலன்னே?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார். என்ன பார்க்கிறாய் தங்கச்சி என்றால் நான் என்னவென்று சொல்வது? "நம்பர் எக" என்றேன். அவரும் கூடவே வந்துவிட்டார். கஜன் அண்ணா கம்பள மடலைத் தூக்கிப் பார்த்தார். கதவுத் தூணில் கொம்பனி ஒட்டிய ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினேன். சுரண்டி எடுத்துப் பெயின்ற் பூசியிருந்தது. பிறகு அவர், பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக, ஒழுங்கையில் மல்லாந்து படுத்துக் காருக்குக் கீழே போனார். அவருடைய நெஞ்சுக்கு மேல் குனிந்து டோர்ச் பிடித்தது நான். அடியில் இடமிருந்து வலமாக ஒரு தழும்பு ஓடியது. தார் பூசி மறைத்திருந்தார்கள். அவர் விரல் நகத்தால் தாரைச் சுரண்டினார். ஒட்டு வெளியே வந்தது.

எழும்பி வரும்போது அவருடைய வேட்டி கறுப்பாகியிருந்தது. "சித்தப்பா, ஒருக்காப் படுத்துப் பாருங்கோ."

"எனக்கு முழங்கால் ஏலாது."

"வாங்கேக்க பார்த்தனீங்களோ?"

பாலா சித்தப்பா காரில் போட்டிருந்த மாலையைச் சரிசெய்தார். பிறகு, "தெரிஞ்சவன் தந்தது" என்றார். "கன வருசமாத் தெரிஞ்சவன். அவன் தாறதை என்னெண்டு குனிஞ்சு பார்க்கிறது?"

அதைக் கேட்டதும் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். தன் வாயால் சொன்னதை இன்னொருவரின் வாயால் கேட்கிறவரின் முகம் அது. அவர் ஏதோ சொல்லப் போய்ப் பாலா சித்தப்பாவின் தோளைத் தொட்டார். பாலா சித்தப்பா கையைத் தட்டிவிட்டார். தெரிந்துதான் கொண்டு வந்தாரா, தெரியாமலா, எனக்கு இந்த நிமிடம்வரை தெரியாது. "வீட்டுக்குக் கூப்பிட்டுக் கள்ளன் ஆக்கிப்போட்டியள்" என்றார். "இந்தச் சம்பந்தத்தை நாங்கள் யோசிக்கத்தான் வேணும். கஜன், வா."

கஜன் அண்ணா நடுவில் நின்றார். ஒரு பக்கம் வளர்த்தவர். மறுபக்கம் அக்கா, படிக்கட்டின் கடைசிப் படியில், தேத்தண்ணித் தட்டு இன்னும் கையில் இருக்க. அவள் அழவில்லை. "நீங்கள் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். "மெதுவா ஓடுங்கோ. திரும்பி வாறதெண்டா ஓட்டோவில வாங்கோ. காரில்லாமல் வாற மாப்பிள்ளை எண்டாத்தான் எனக்கு வேணும்."

அவர் தலையை ஆட்டினார். வருகிறேன் என்றா, போகிறேன் என்றா, தெரியாது. கார் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் இல்லை. அப்பா எடுத்த ஃபோனை அங்கே ஒருவரும் தூக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்து, "கலியாணம் நிண்டால் உன்ர அக்காவின்ர முகத்தை நீ எப்பிடிப் பார்ப்பாய்?" என்று கேட்டார். அறைக்குள் வந்து பூட்டிக்கொண்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மகனே. அக்கா எனக்காகச் சிரித்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க இந்த வீட்டிலேயே இருந்துவிடுவாளோ என்று பயம். ஆனால் ஒன்று சொல்கிறேன், இதையும் யாருக்கும் காட்டாதே. அப்பா நிப்பாட்டு என்று சொன்ன அந்த விநாடியில் எனக்குள்ளே ஏதோ எழும்பி நின்றது. இவ்வளவு காலமும் நான் வாசித்துக் குவித்ததெல்லாம் வீணாகவில்லை. அந்தக் காரை எத்தனை பேர் பார்த்தார்கள்? ஐயர் பார்த்தார், அயலவர்கள் பார்த்தார்கள், வாங்கி விற்கிறவர் பார்த்தார். எல்லோரும் மினுக்கத்தைப் பார்த்தார்கள். நான் வாசித்தேன். என் அக்காவின் கால் அந்த ஒட்டின் மேல் இனி ஒருநாளும் இருக்காது. அப்பாவின் சேமலாப நிதி அப்படியே பாங்கில் கிடக்கிறது. கலியாணம் நின்றாலும் இவை இரண்டையும் என்னிடமிருந்து யாராலும் பறிக்க ஏலாது. பயத்தோடேயே சிரிப்பு வருகிறது. கழுத்துப்பட்டியை வாயில் வைத்து அமத்திக்கொண்டு சிரிக்கிறேன்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. யாரிடமும் கார் கேட்காதே. உனக்குக் கார் வேண்டுமென்றால் உழைத்து வாங்கு. பெண்ணைப் பெற்றவர் தன் கிழவயதுக் காசை எடுத்து வாங்கித் தருகிற காரில் ஏறிப் போகிற மகன் எனக்கு வேண்டாம். வாங்கும்போது, விற்கிறவர் உன் சித்தப்பாவாக இருந்தாலும், நண்பனாக இருந்தாலும், முன் கண்ணாடி மூலையைப் பார், கதவுத் தூணைப் பார், சீட்டுக்குக் கீழே பார். இல்லாவிட்டால் அந்தக் காரில் வேறு எங்கே அடித்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார். எல்லாம் ஒன்றுதானா என்று புத்தகத்தோடு வைத்து, ஓர் ஆள் வாசிக்க ஓர் ஆள் ம் சொல்லப் பார். தனியாகப் பார்க்காதே, கண் தான் எதிர்பார்ப்பதைத்தான் காணும். பத்தாவதில் நிறுத்து. பார்க்கிறது அவமரியாதை என்று யாராவது சொன்னால், கஜன் அண்ணா பட்டு வேட்டியோடு தெருவில் படுத்ததை நினைத்துக்கொள். அவர் அங்கே படுத்தது அக்காவுக்காக. அதைவிடப் பெரிய மரியாதையை நான் இதுவரை கண்டதில்லை. சின்னப் பிள்ளை ஒன்று வந்து ஏதாவது சொன்னால் நீயும் அவரைப் போலத் திரும்பி, அதென்ன என்று கேள். கலியாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் நீ அவரைப் போல

ஒழுங்கைக்குள் ஓட்டோ ஒன்று வருகிறது. மேல்மாடி ஆட்களுடையதாக இருக்கலாம். இல்லை, கீழேயே நிற்கிறது. அம்மா மூக்குச் சிந்துவதை நிறுத்திவிட்டார். படிக்கட்டில் இரண்டு பேரின் காலடி. ஒன்று வேகமாக வருகிறது, மற்றது முழங்கால் ஏலாத ஆளைப் போல ஒவ்வொரு படியாக வருகிறது. அக்கா கதவைத் திறக்கிறாள். அக்கா சிரிக்கிறாள், மகனே, அது அவளுடைய சிரிப்புத்தான். இப்போது என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள். பாலா சித்தப்பாவின் குரல்: "எங்க அந்த இன்ஸ்பெக்டர் அம்மா? டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கோ. அதே ஆள் தந்ததில இன்னும் மூண்டு கார் என்ர யாட்டில நிக்குது, விடிஞ்சதும் வந்து